பப்பாளி போட்ட விக்

கேரன்,

நீ தூங்குகிறாய். எழுப்ப எனக்கு முகம் இல்லை.

உன் விக்கை அலசி, கவிழ்த்த குடத்தின் மேல் காய வைத்திருக்கிறேன். பப்பாளிப் பால் போய்விட்டது.

பப்பாளிக்கு விக்கும் உன் கண்ணாடியும் மாட்டி, நாற்காலியில் உட்கார வைத்து, 'புது மருமகள்' என்று குடும்ப குரூப்பில் போட்டபோது சிரிப்பு மட்டும்தான் தெரிந்தது. மருந்தால் உன் முடி கொட்டியது நம் இருவருக்கு மட்டுமே தெரியும் என்பது பிறகுதான் உறைத்தது. அழிப்பதற்குள் என் தங்கச்சி ஜானிஸ் கேட்டுவிட்டாள்: "அண்ணே, அந்த நீலக் கிளிப்பு அண்ணி சர்ச்சுக்குப் போடுறதுதானே?"

விளையாட்டுக்காகக் கடையில் வாங்கிய விக், கிளிப்பும் அதிலேயே இருந்தது என்று புளுகினேன். அவள் நம்பவில்லை. சிம்பாங் பூலாயிலிருந்து நாலு மணிக்கு வருகிறாள். "அண்ணிய பாக்கணும்லா" என்கிறாள். உனக்கு இஷ்டமில்லை என்றால் கேட்டைத் திறக்காதே. ஏச்சை நான் வாங்கிக்கொள்கிறேன்.

சோறும் மீன் குழம்பும் அடுப்பு மேல் இருக்கின்றன.

ரோய்ஸ்டன்

கண்ணாடி டிவி பக்கத்தில். துடைத்துவிட்டேன்.

இன்னொன்று. படத்தைக் காட்டியதும் நீ முதலில் விழுந்து விழுந்து சிரித்தாய். "குரூப்புலயா போட்டீங்க?" என்று கேட்டது அதற்குப் பிறகுதான். உனக்கு மட்டும் காட்டியிருக்கலாம்.