காரணம் என்ற கட்டம்

மார்ச் 4, செவ்வாய்

சலவைக்கடையில் இஸ்திரிக்கு உதவியாக இருந்த எனக்கு இன்று முதல் தண்டனையாகத் தொட்டி வேலை. காலர் அழுக்கு தேய்க்க வேண்டும். வக்கீலின் கோட்டைக் கருக்கியது இஸ்திரி அக்கா. பழி என் தலையில்.

"இந்த ஊமைக்கோட்டான்தான் சார். காலையில திட்டினேன்ல, அதான் வேணும்னே இஸ்திரிப் பெட்டிய வச்சி கருக்கிட்டா."

நான் வாய் திறக்கவில்லை. எப்போது திறந்திருக்கிறேன்?

முதலாளி புகார் நோட்டில், என் பெயருக்கு நேரே, 'காரணம்' என்ற கட்டத்தில் எழுதினார்: காழ்ப்புணர்ச்சி.

மார்ச் 5

எட்டாவதோடு நின்றவளுக்கு அந்தச் சொல் தெரியாது. தங்கை அகராதியைப் புரட்டினாள்.

"ஒருத்தர் மேல வெறுப்ப வெளிய காட்டாம உள்ளயே கசந்துகிட்டு இருக்கிறதுக்கா. யாரு மேல?"

"சும்மா கேட்டேன்."

"அதானே, எறும்புக்கே வழி விடறவ நீ!"

என்னிடம் இல்லாத ஒன்றை என் பெயரில் எழுதிவிட்டார்கள்.

மார்ச் 7

சோப்புத் தண்ணீரில் விரல் வெடித்துவிட்டது. அக்கா எட்டிப் பார்த்தாள். "என்னடி, மீன் புடிக்கிறியா?" எல்லோரும் சிரித்தார்கள்.

இப்போது அது இருக்கிறது, என்னிடம். தண்ணீரில்லாமல் விழுங்கிய மாத்திரை மாதிரி, தொண்டையிலேயே.

மார்ச் 10

நாலு மணிக்கு டீக்குப் போகுமுன் அக்கா இஸ்திரிப் பெட்டியின் சூட்டைப் பட்டுக்கு ஏற்றபடி குறைத்து வைக்கிறாள். திரும்பி வந்து சூட்டுக் குமிழைப் பார்ப்பதே இல்லை. "என் கைக்கே சூடு தெரியும்" என்று பீற்றல் வேறு.

தெரியுமா? பார்க்கலாம்.

மார்ச் 13

குமிழைத் திருகிவிட்டேன். கடைசி வரை. மேசைமேல் முதலாளியம்மாவின் பட்டுச் சால்வை. ஒன்றும் நடக்காதது போலத் தொட்டிக்குத் திரும்பினேன்.

மார்ச் 14

சால்வையில் பெட்டி வடிவத்தில் ஓட்டை.

"நீ லேட்டா வந்தேன்னு அம்மா திட்டினதுக்கா இப்படி?" என்றார் முதலாளி, அக்காவிடம்.

"சத்தியமா கொறச்சுதான் வச்சேன் சார்!" அக்கா என் பக்கம் திரும்பினாள். "நீயாவது சொல்லேன்டி, நான் வேணும்னு செய்வேனா?"

முதலாளி மூக்குக்கண்ணாடியைக் காணாமல் நோட்டை என்னிடம் தள்ளினார். "நீ எழுதும்மா. வேற ஆளில்ல, இனி பெட்டி உன்னோடது."

அக்கா பெயருக்கு நேரே, காரணம் என்ற கட்டத்தில் அதே சொல்லை எழுதினேன். பிழையில்லாமல். பொய்யும் இல்லை. யாருடைய காழ்ப்பு என்று எழுத அங்கே கட்டம் இல்லை.

மார்ச் 17

தொட்டியில் அக்கா. காலரைத் தேய்த்தபடியே என் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்று நான் டீக்குப் போகவில்லை.