சுவரைத் தாண்டிய சிவப்பு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும், இதுவரை நாங்கள் போட்டோவில் மட்டுமே பார்த்திருக்கிற நம் வாண்டுப் பயலும் சுகமாக இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனை எடுத்தாலே உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து கண்ணை உருட்டுகிறார்டி, என்னத்தைச் சொல்ல.

நம் வீட்டுக்குப் பின்னால் சாயப்பட்டறையின் கழிவுநீர்க் குட்டை இருக்கிறதே, அது பூமிக்குள் கசிகிறதா என்று பார்க்கக் கோடை தொடங்கும்போது சர்வேக்காரர்கள் வந்தார்கள். குட்டையிலிருந்து நம் தெரு வரைக்கும் இரும்புக் கம்பிகளை வரிசையாக அடித்து, வயர் மாட்டி, ஒரு பெட்டியிலிருந்து மண்ணுக்குள் கரண்ட் விட்டார்கள். புதையல் கிடைச்சா எனக்கும் பங்கு வேணும் என்று எதிர்வீட்டு டெய்லர் கிண்டலடித்தார். வந்தவர்களில் ஒரு பெண், உன் வயசுதான் இருக்கும், பொறுமையாக விளக்கினாள். கழிவுநீரில் உப்பு அதிகமாம், அது ஊறிய மண்ணில் கரண்ட் சுலபமாகப் பாயுமாம், அந்த இடமெல்லாம் படத்தில் சிவப்பாக விழுமாம். படத்தையும் காட்டினாள். குட்டையிலிருந்து நாக்கை நீட்டினாற்போல் ஒரு சிவப்பு, நம் பின்பக்கச் சுவருக்கு அந்தப் பக்கமே நின்றிருந்தது. நம் வீட்டுக்கு அடியில் நல்ல நீலம். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கிணத்து மோட்டாரை ரொம்ப ஓட்டாதீங்க, நீங்க இழுக்க இழுக்க அதுவும் இந்தப் பக்கம் வரும் என்று அவள் எல்லோரிடமும் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனாள். கேட்டார்களா? நல்ல தண்ணீர் கெட்டுப்போவதற்குள் பிடித்து வைத்துவிட வேண்டும் என்று தெருவே மோட்டாரைப் போட்டது. டிரம், அண்டா, வாளி, ஒன்று பாக்கியில்லை. உன் அப்பா மாடியில் புது டேங்க்கே வைத்துவிட்டார், பேரன் வர்றான், தண்ணிக்குப் பஞ்சம் இருக்கக் கூடாதாம். நான் தொண்டை கிழியக் கத்தினேன். எல்லாரும் இறைக்கும்போது நாம மட்டும் கையைக் கட்டிக்கிட்டு இருந்தா நமக்குத்தான் நஷ்டம் என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, எல்லோருக்கும் பயம்.

போன வாரம் அவர்கள் மறுபடி வந்து அதே இடத்தில் கம்பி அடித்துப் பார்த்தார்கள். சிவப்பு சுவரைத் தாண்டி நம் அடுப்படிக்குக் கீழே வந்துவிட்டது. அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. நிறத்தை மட்டும் வச்சு முடிவு சொல்ல முடியாது ஆன்ட்டி, கிணத்துத் தண்ணிய லேபுக்கு அனுப்பியிருக்கோம், தெரியற வரைக்கும் வாயில வைக்காதீங்க என்றாள். அன்றிலிருந்து அடுப்படியில் நிற்கவே கால் கூசுகிறது. குழாய்த் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்க்கிறேன், பளிச்சென்றுதான் இருக்கிறது. இத்தனை நாள் எதைக் குடித்தோமோ. கேன் தண்ணி வாங்கிக்கலாம், பிள்ளைங்க வரட்டும் என்கிறார் அப்பா. குடிக்க வாங்கலாம் சரி, பயலைக் குளிப்பாட்ட, அவன் பால் புட்டியைக் கழுவ? கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிற வயசு அவனுக்கு. டிக்கெட்டை ரத்து செய்துவிடு கண்ணு. மாப்பிள்ளை கோபித்துக்கொண்டால் அம்மாவுக்குப் பைத்தியம் என்று சொல்லிக்கொள். நீயும் வேளைக்குச் சாப்பிடு, பயல் அழுகிறான் என்று தட்டை வைத்துவிட்டு ஓடாதே.

உங்கள் மூவருக்கும் என் ஆசீர்வாதம். ஒன்றை மட்டும் மறக்காதே. எல்லாம் சரியாயிடுச்சு, கிளம்பி வாங்க என்று அப்பா போனில் சொல்வார், நம்பாதே. பேரனைத் தூக்கிக் கொஞ்சுகிற ஆசை அவரை அப்படிப் பேசவைக்கும். எனக்கும் அந்த ஆசை இருக்கிறதடி. அதனால் நானே போனில் வா, வா என்று அழுதாலும் வராதே.

இப்படிக்கு,
உன் அம்மா