அண்ணனை வெளியே அனுப்பிவிட்டுக் கேளுங்கள்

அனுப்புநர்:
கெலெபி தௌகோலோ,
திராட்சைத் தோட்ட மேற்பார்வையாளர்,
14, பம்ப் ஹவுஸ் சாலை,
டார்லோ பெண்ட், விக்டோரியா மாநிலம்.

பெறுநர்:
செவிலியர் பணிகள் இயக்குநர் அவர்கள்,
வட்டாரச் சுகாதார அலுவலகம்.

பொருள்: பண்பாட்டு மதிப்பீட்டுப் படிவத்தில் ஒரு கேள்வி சேர்க்கவும், செவிலியர் பிரெண்டா டூலி அவர்களின் தேவாலயக் கூட வருகையை இரண்டு சனிக்கிழமைகளுக்கு மட்டும் நீட்டிக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. நான் தோங்கா நாட்டைச் சேர்ந்தவன். முப்பத்தொரு ஆண்டுகளாக இந்த ஆற்றங்கரையில் திராட்சையோடு வாழ்கிறேன். எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும் என்று எங்கள் சனங்கள் நம்புகிறார்கள். அதனால் வங்கியோ, பள்ளிக்கூடமோ, மருத்துவமனையோ, யாருக்கு வேலை இருந்தாலும் என்னைத்தான் காரில் ஏற்றிக்கொண்டு போவார்கள். இந்தப் புகாரில் முதல் குற்றவாளி நான்தான் என்பதை மேலே போவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.

2. சென்ற மார்ச் மாதம் என் தங்கை லூபே (வயது 46) முகம் வெளுத்து, நாலு கொத்து பறிப்பதற்குள் உட்கார்ந்துவிடுகிற நிலைக்கு வந்தார். நகரச் சுகாதார மையத்துக்கு அழைத்துப் போனேன். அங்கே செவிலியர் ஒருவர் பண்பாட்டு மதிப்பீட்டுப் படிவத்தை எடுத்தார். என்ன மதம் என்று கேட்டார், மெத்தடிஸ்ட் என்றோம். சாப்பிடாமல் ஒதுக்கும் உணவு உண்டா என்று கேட்டார். எங்கள் இருவரின் உடம்பைப் பார்த்த பிறகும் அந்தக் கேள்வியைக் கேட்ட அவருடைய கடமை உணர்ச்சியை நான் மதிக்கிறேன். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்ற இடத்தில் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, 'வேண்டாம்' என்று குறித்துக்கொண்டார். பண்பாடு அத்தோடு முடிந்தது.

3. பிறகு உடம்பைப் பற்றிய கேள்விகள் வந்தன. அவை என்னென்ன என்று இங்கே எழுத என்னால் இயலவில்லை. எங்களில் அண்ணன் தங்கைக்கு நடுவே ஒரு வேலி உண்டு. பதின்வயதுக்குப் பிறகு ஒரே கூரையின் கீழ் நாங்கள் படுத்ததில்லை. அவர் அறைக்குள் நான் கால் வைத்ததில்லை. தொலைக்காட்சியில் முத்தக் காட்சி வந்தால் இருவரில் ஒருவர் தண்ணீர் குடிக்கப் போய்விடுவோம். அவர் என்னைவிட ஆறு வயது இளையவர், ஆனாலும் தங்கையின் இடம் அண்ணனுக்கு மேலே. அப்படிப்பட்டவரிடம் அந்தக் கேள்விகளை நான் கேட்பதாவது? ஏழு கேள்விகளை அந்தச் செவிலியர் கேட்டார். ஏழையும் நான் ஒரே கேள்வியாகத்தான் மொழிபெயர்த்தேன்: "லூபே, உடம்பு எப்படி இருக்குன்னு கேக்குறாங்க." அவர் தரையைப் பார்த்தபடி ஏழு முறையும் சொன்னார்: "நல்லாத்தான் இருக்குன்னு சொல்லுங்க." நான் ஏழு முறையும் 'இல்லை, இல்லை' என்று செவிலியரிடம் சொன்னேன்.

4. குடும்பத்தில் யாருக்கேனும் நோய் உண்டா என்பதற்கும் இல்லை என்றுதான் சொன்னேன். அது பொய்யல்ல, எனக்குத் தெரியாது. எங்கள் அப்பா நாற்பத்தொன்பது வயதில் 'வயிற்று நோவு' வந்து இறந்தார். மகன்களுக்குச் சொல்லப்பட்டது அவ்வளவுதான். மீதியை அம்மா தன் மகளிடம் மட்டும் சொல்லியிருந்தார். ஆக, தெரிந்தவர் வாய் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார், தெரியாத நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அப்படியே எட்டு மாதம் ஓடிவிட்டது. அந்த எட்டு மாதத்தை நினைத்தால் எனக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருக்கிறது.

5. நவம்பரில் செவிலியர் டூலி அவர்கள் இரத்த அழுத்தம் பார்க்க எங்கள் தேவாலயக் கூடத்துக்கு வந்தார். அவர் கையிலும் அதே படிவம்தான் இருந்தது. ஆனால் அதைத் திறப்பதற்கு முன் என் மனைவி கலிசியிடம், லூபேயோடு பேசும்போது யார் பக்கத்தில் இருக்கலாம், யார் இருக்கக்கூடாது என்று கேட்டார். என் மனைவி சொன்ன பதில்: "மொதல்ல எம் புருஷனை வெளிய அனுப்புங்க." நாற்காலிகளை வெயிலில் அடுக்கும் வேலை எனக்குத் தரப்பட்டது. நாற்பது நிமிடம் அடுக்கினேன். கூடத்தில் இருந்ததோ முப்பது நாற்காலிகள்தான். அடுத்த பத்தியை என் மனைவி எழுதுவார். நான் எழுந்து போகிறேன்.

6. வணக்கம். நான் கலிசி. என் கணவர் தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறார், காலையிலும் விட்டார். லூபேக்கு மலத்தில் ஓராண்டாக இரத்தம் போயிருக்கிறது. அவர்களுடைய அப்பாவுக்கும், சித்தப்பா இருவருக்கும், ஓர் அத்தைக்கும் அதேதான், எல்லோரும் ஐம்பதைத் தாண்டவில்லை. லூபே சொல்லச் சொல்ல, நான் ஆங்கிலத்தில் சொல்ல, டூலி அவர்கள் பாட்டுத்தாளின் பின்பக்கத்தில் குடும்ப மரத்தை வரைந்து, இறந்தவர்களின் பெயர்களைக் கறுப்பாக்கினார். வரைந்து முடித்துப் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அதிலிருந்து மூன்றாம் வாரம் மெல்போர்னில் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள், புற்றுநோய்க் கட்டி இருந்தது. டிசம்பரில் அறுத்து எடுத்தார்கள். பரவவில்லை என்று சொன்னார்கள். இது குடும்ப வழியாக இறங்குவது, உடன்பிறந்தவர் ஒவ்வொருவருக்கும் இருக்கச் சரிபாதி வாய்ப்பு, இருந்தால் அவர்கள் பிள்ளைகளுக்கும் அப்படியே என்று இரத்தத்தைச் சோதித்துச் சொல்லிவிட்டார்கள். எனக்கு இரண்டு மகன்கள், ஒரு மகள். அம்மையீர், நான் இப்போதெல்லாம் அவர்கள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவரைக் கூப்பிடுகிறேன்.

7. நான் திரும்பி வந்துவிட்டேன். மேலே உள்ள பத்தியை நான் படிக்கவில்லை, படிக்கவும் மாட்டேன். அதில் உள்ளது அனைத்தும் உண்மை என்று உறுதியளிக்கிறேன்.

8. சோதனைக்கு வரச்சொல்லிச் சுகாதார மையம் எங்கள் ஆண்களுக்குக் கடிதம் அனுப்பியது. ஒருவரும் போகவில்லை. நானும் போகவில்லை. அறுவடைக்கு முன் கொடி கட்ட வேண்டும், டிராக்டரில் எண்ணெய் ஒழுகுகிறது என்று ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தோம். இம்மாதம் ஆறாம் தேதி என் மகளின் இருபத்தொன்றாம் பிறந்தநாள் விருந்து நடந்தது. எங்கள் வழக்கப்படி மேடையில் முதல் இருக்கையும், கேக்கின் மேலடுக்கும் பெண்ணின் அத்தைக்கு. லூபே, தையல் பிரித்து மூன்று வாரம்கூட ஆகாத உடம்போடு வந்து அந்த இருக்கையில் அமர்ந்தார். பன்றி இறைச்சி வந்து இறங்கியதும் கையைத் தூக்கிப் பாட்டை நிறுத்தச் சொன்னார். "எங்க அண்ணன் தம்பிங்க, அவங்க பிள்ளைங்க, எல்லாரும் ரத்தம் குடுக்கப் போறீங்க. பேரு எழுதாதவங்க யாரும் தட்டுல கை வைக்கக் கூடாது," என்றார். அத்தை சொல்லுக்கு மறுசொல் எங்களிடம் கிடையாது. சுகாதார மையத்தின் கடிதங்களால் ஆகாதது, கிழங்கு ஆறுவதற்குள் ஆகிவிட்டது. பதினான்கு பேர் எழுதிவிட்டோம்.

9. இப்போது என் குறைக்கு வருகிறேன். அந்தப் பதினான்கு பேரும் தனித்தனியாக, பத்துப் பத்து நிமிடம், வார நாட்களில் வரவேண்டும் என்கிறது சுகாதார மையம். டூலி அவர்களைப் பிப்ரவரியிலிருந்து வேறு வட்டாரத்துக்கு மாற்றுகிறார்களாம். தேவாலயக் கூட வருகை அட்டவணையில் இல்லை என்பது காரணமாம். பிப்ரவரி மாதக் கடைசியில் எங்கள் ஆட்கள் பாதாம் தோட்டங்களுக்குக் கலைந்துவிடுவார்கள். இப்போது கூடியிருக்கும் துணிச்சலும் அவர்களோடு கலைந்துவிடும். பிறகு மறுபடி ஓர் இருபத்தொன்றாம் பிறந்தநாளுக்கு நாங்கள் மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும்.

10. ஆகவே, அந்தப் படிவத்தில் உணவுக் கேள்விக்கு மேலே, இவரோடு பேசும்போது யார் அறையில் இருக்கக்கூடாது என்ற கேள்வியையும், இந்த வீட்டில் யார் சொன்னால் கேட்பார்கள் என்ற கேள்வியையும் சேர்க்குமாறு வேண்டுகிறேன். என்னைப் போன்ற உறவினர்களை மொழிபெயர்ப்பாளராக உட்கார வைக்காதீர்கள், எங்களுக்கு எவ்வளவு ஆங்கிலம் தெரிந்தாலும். டூலி அவர்களை இரண்டே இரண்டு சனிக்கிழமைகள் எங்கள் கூடத்துக்கு அனுப்பிவையுங்கள். இடமும் மதிய உணவும் எங்கள் பொறுப்பு. மார்ச் மாதச் செவிலியர் மீது நடவடிக்கை ஏதும் வேண்டாம். அவர் கேட்க வேண்டியதைக் கேட்டார், நான்தான் போய்ச் சேரவிடவில்லை. முடிந்தால் அவரையும் டூலி அவர்களோடு அனுப்புங்கள், பார்த்துப் பழகட்டும்.

11. லூபே இப்போது நன்றாக இருக்கிறார். நேற்று கொடிப் பந்தலுக்குள் அவர் பாடிக்கொண்டு போவதை இரண்டு வரிசை தள்ளி நின்று கேட்டேன். பதினான்கு பேரில் சிலரிடம் இந்த நோய் இருக்கும், சிலரிடம் இருக்காது. இருப்பவர்களும் ஐம்பதைத் தாண்ட வழியிருக்கிறது என்று டூலி அவர்கள் சொன்னதை நான் நம்புகிறேன். எங்கள் அப்பாவுக்கு அந்த வழி கிடைக்கவில்லை.

12. பெயர்ப் பட்டியல் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. முதல் பெயர் என்னுடையது. அதை எழுதியவர் என் தங்கை, என்னைக் கேட்காமலே. என் முறை வரும் நாளில் அவர் அந்த அறையில் இல்லாதபடி மட்டும் தாங்கள் பார்த்துக்கொண்டால் போதும். ஏழு கேள்விகளுக்கும் இம்முறை பதில் சொல்கிறேன்.

இடம்: டார்லோ பெண்ட்
நாள்: 22 ஜனவரி

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
கெலெபி தௌகோலோ (ஒப்பம்)
பத்தி 6-க்கு மட்டும்: கலிசி தௌகோலோ (ஒப்பம்)

இணைப்பு: பதினான்கு பேர் கொண்ட பட்டியல் – 1