மிசிஸ் ஹானுக்கு நாலு வரி

2008 மார்ச் 9, ஞாயிறு
பனிப்புயல். வெளியே கால் வைக்க முடியவில்லை. எங்கள் சங்கத்தின் மே மாத நாடகத்தை எழுதி முடித்தேன். நூறு வருடத்துக்கு முன் சியோலில் திறக்கப்பட்ட, கூரை போட்ட ஓர் அரங்கு பற்றியது. அதுவரை முற்றங்களில் கதை பாட ஒரு பாடகர், ஒரு மேளக்காரர் மட்டும். தகப்பன், மகள், கிழவி எல்லாம் அந்த ஒரு பாடகரே. கூரைக்குள் வந்தபின் கதையைப் பலருக்குப் பிரித்துக் கொடுத்தார்களாம். சொன்னவர் எங்கள் தெருவில் டெப்பனர் என்னும் சில்லறைக் கடை வைத்திருக்கும் மிசிஸ் ஹான். கொரியாவில் அப்படிப் பாடியவர். நடிக்கவும் சம்மதித்துவிட்டார்.

ஏப்ரல் 19
ஒத்திகை. மிசிஸ் ஹான் தனியே பாடிக் காட்டினார். விசிறியை விரித்தால் மகள், மடித்தால் தகப்பன். கரகரத்த குரல். எனக்குக் கண் கலங்கிவிட்டது.
பிறகு பாத்திரங்களைப் பிரித்தேன். மகள் வினோஜா – இளம்பிள்ளை, பிரெஞ்சு வசனம் நன்றாக வரும். தகப்பன் நான். மிசிஸ் ஹானுக்குக் கிழவி. நாலு வரி.
தலையாட்டிவிட்டு விசிறியைப் பைக்குள் வைத்தார்.

ஏப்ரல் 20
மனைவி சிவநேசம் காலையிலிருந்து முகம் கொடுத்துப் பேசவில்லை. ஏனென்று கேட்டேன்.
"அந்த மனிசி பாடேக்க நீங்களே அழுதனீங்கள். பேந்து ஏனப்பா வெட்டினனீங்கள்?"
நேரம் காணாது என்றேன்.
நேரம்தானா? அவர் முழுக்கப் பாடினால் என்னை யார் பார்ப்பார்கள்?

மே 24
மேடையேற்றம். மண்டபம் நிறைந்த சனம். வினோஜாவுக்கு நல்ல கைதட்டல். எனக்குப் பொன்னாடை. மிசிஸ் ஹான் நாலு வரியையும் பிசகாமல் சொல்லிவிட்டு, வேஷத்தைக்கூடக் கலைக்காமல் கடைக்குப் போய்விட்டார்.

யூன் 3
பால் வாங்கப் போனேன். மிசிஸ் ஹான் போத்தல்களை அடுக்கியபடி மகளாகவும் தகப்பனாகவும் மாறி மாறிப் பாடிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிறுத்தி, கடைக்கு வரும் எவருக்கும் சொல்வதுபோல் "பொன்ஜூர்" என்றார்.
பாடுங்கோ எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். பாலோடை திரும்பி வந்திட்டன். சீ.

நவம்பர் 16, ஞாயிறு
ஆற்றுக்கு அப்பால் புரோசார்டில் கொரியத் தேவாலய மண்டபம். சிவநேசம்தான் கூட்டிப் போனாள். மிசிஸ் ஹான் அவளுக்கு மட்டுமே சொல்லியிருந்தார். மேடை வெறுமையாக இருந்தது. கீழே நடுவில் பாய் விரித்து, சுற்றிவர ஆட்கள். முழுக்கதையும் பாடினார். இடையிடையே சனம் குரல் கொடுத்தது. அது அவர்கள் வழக்கமாம். ஒரு சொல்லும் விளங்காமலே சிவநேசமும் "அப்பிடிப் போடு" என்றாள். மிசிஸ் ஹான் அவள் பக்கம் திரும்பிச் சிரித்தார்.
முடிந்ததும் கிட்டப் போனேன். நான் செய்தது பிழை என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். அடுத்த மே மாதம் மேடை முழுவதும் அவருக்கே, நான் ஏற மாட்டேன் என்றும் சொன்னேன்.
அவர் என் கையைப் பிடித்தார். இனி இங்கேதான் பாடுவாராம். கேட்க விருப்பமென்றால் வரலாமாம்.
பிறகு சிவநேசத்துக்குப் பக்கத்தில் போய் இருந்து தேநீர் குடித்தார். இரண்டு பேரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு காத்து நின்றேன்.