ஸ்பேனரில் செருகிய குழாய்

அன்புள்ள யோகேஸ்வரிக்கு,

பிந்துலுவில் நான் நலம். ஈப்போவில் மழை விட்டதா? உன் மணிக்கட்டு வலி குறைந்ததா?

நேற்று வேலைக்குப் போகும் வழியில், கூட வேலை செய்யும் பாஸ்கலின் கார் டயர் பஞ்சர். பெட்டி நிறையப் புது ஸ்பேனர்கள் வைத்திருக்கிறான். ஆனால் நட்டு அசையவே இல்லை. நீ நம் வீட்டுக் கார் போர்ச்சில் செய்வதுபோல, ஜாக்கி வைத்துத் தூக்கும் முன்பே ஸ்பேனர் பிடியில் நீளக் குழாயைச் செருகி அழுத்தினேன். கழன்றது! எனக்குக் கையில் சின்னக் கீறல்தான்.

"யாருண்ணே கத்துக் குடுத்தா?" என்று கேட்டான் பாஸ்கல்.

"என் வீட்டுக்காரி லா!" என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை நம் காரை ஸ்டார்ட் செய்யும்போது போன் போடு. எஞ்சின் சத்தம் சரியா என்று கேட்டுச் சொல்கிறேன். எஞ்சினை அணைத்ததும் போனை வைத்துவிடாதே.

வேலைக்கு ஏற்றிப் போகும் வேன் வந்துவிட்டது.

உன்
சுகுமாரன்