வலது தொட்டியில் ஒரு புழு

மார்ச் 3
வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். ஐம்பத்திரண்டு வயதில் இறால் திருடிவிட்டேன். அதுவும் மீனுக்காக. எனக்காகத் திருடியிருந்தாலாவது கொஞ்சம் கௌரவம்.

நான் கூட்டித் துடைக்கும் ஆய்வுக்கூடத்தில் இரண்டு தொட்டி, ஒரே நாளில் முட்டையிலிருந்து பொரிந்த மீன்கள். இடது தொட்டிக்குக் கடலில் உயிரோடு பிடித்த குட்டி இறால். வலது தொட்டிக்குக் காய்ந்த தீவன உருண்டை மட்டும். கடல்மீன் வயிற்றுப் புழு, மீன் தின்னும் இறாலிலிருந்துதான் வருகிறது என்று காட்ட எங்கள் குட்டி டாக்டர் செய்த ஏற்பாடு. பட்டத்துக்காக நாலு வருஷமாக மல்லுக்கட்டும் பெண். வலது தொட்டியில் புழு வந்தால் அத்தனையும் போச்சு.

அது எனக்கும் தெரியும். ஆனால் வீட்டுக்காரி இரண்டு மாதமாக எனக்கு வேகவைத்த காய்தான் போடுகிறாள். அந்த வலது தொட்டி மீன்கள் பார்க்கிற பார்வை எனக்குப் புரியாதா? ஒரு பிடி போட்டேன்.

மார்ச் 10
இன்னொரு பிடி.

ஏப்ரல் 20
வலது தொட்டி மீனை அறுத்தார்கள். குடலில் ஒரு புழு. நூல் மாதிரி, உயிரோடு.
குட்டி டாக்டர் கையுறையைக்கூடக் கழற்றாமல் அழுதாள். அவளுடைய பேராசிரியர், "ஆராய்ச்சித் தலைப்பை மாத்திடும்மா" என்றார். நான் தரையைத் துடைத்தேன். சுத்தமான தரையை.

ஏப்ரல் 21
தூக்கமில்லை. வேலை போய்விடுமா? போகட்டுமே — அவளுக்கு நாலு வருஷம்டா, மடையா!

ஏப்ரல் 22
சொல்லிவிட்டேன். பேராசிரியர் அரை மணி நேரம் குதித்தார். "மீன் மேல பரிதாபமா? அறிவிருக்காய்யா உமக்கு?"
அவள் மட்டும் நோட்டை எடுத்தாள். "அண்ணே, எந்தெந்தத் தேதி? இறால் எங்கேர்ந்து எடுத்தீங்க?"
"ஃப்ரீசர்லம்மா."
நிமிர்ந்து பார்த்தாள். "அது மாசக்கணக்கா மைனஸ் இருபதுல கிடக்குது. அதுல ஒரு புழுகூட உயிரோட இருக்காதே!"
பேராசிரியர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

ஏப்ரல் 24
குட்டி டாக்டர் தலைப்பை மாற்றவில்லை. யார், எப்போது, என்ன போட்டார்கள் என்று தனி அத்தியாயமே எழுதுகிறாளாம். இறால்தான் காரணம் என்பதற்கு இன்னும் பலமாம். சிரித்தாள், பாவம், நாலு நாளுக்குப் பிறகு.
நான் திருடிப்போட்டதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பேராசிரியரும் வலது தொட்டிக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை போட்டிருக்கிறார், நேற்று அவரே ஒப்புக்கொண்டார். உயிர் இறால்.