வெள்ளைச் சட்டை ஐம்பத்திநாலு

இயேசு மரி சூசை துணை

பிராண்டே, டென்மார்க்,
14.12.1986

என் மகன் கிறிஸ்துநாயகத்துக்கு,

எட்டு மாதமாகப் பேனாவைத் தொடாமல் இருந்த உன் அம்மா எழுதுகிறேன். நான் சுகம். அக்கா மேரிசெலின் சுகம். அத்தான் அந்தோனிதாசனுக்குத் தொழிற்சாலையில் பகல் வேலை கிடைத்திருக்கிறது. இங்கே நாலு மணிக்கு முன்னமே இருட்டிவிடுகிறது. உன் முழங்கால் எப்படி? மற்றதை ஆறுதலாக எழுது, முதலில் முழங்காலைப் பற்றி எழுது.

சித்திரையில் நான் எழுதியது உனக்கு மறந்திருக்காது. கத்தி வைத்த காலோடு திரும்பவும் அந்த விளையாட்டுக்குப் போனால் நீ எனக்குப் பிள்ளையில்லை, நான் உனக்குத் தாயில்லை என்று எழுதினேன். படிக்கத்தானே சுவாமியார் உன்னை அமெரிக்காவுக்கு அனுப்பினார்? கண்டியில் போர்டிங்கில் விட்டபோதே றக்பி என்று போய்ப் பல்லை உடைத்துக்கொண்டு வந்தவன் நீ. கொலிஜுக்குப் போயும் அதே குணம், றக்பி மாதிரியே முட்டி மோதுகிற அமெரிக்கன் ஃபுட்போல். இரண்டு வருஷம் ஆடாமல் கரையில் வாங்கில் குந்தியிருந்தாய். மூன்றாம் வருஷம், எதிராளியை மறித்து விழுத்துகிற வேலைக்கு உன்னை இறக்கினார்கள். நாலாம் வருஷம் முழங்கால் போனது. இனிக் காணும், விட்டுவிடு என்று எந்தத் தாயும் சொல்லத்தான் செய்வாள். நீ கேட்கவில்லை, ஐந்தாம் வருஷமும் போனாய். நானும் சொன்ன சொல்லில் நின்றேன். உன் கடிதங்களை அக்கா முன்னறையில் உரத்து வாசிப்பாள், நான் குசினிக்குள் நின்று கேட்பேன்.

போன கிழமை உன் வீடியோ கசெற் வந்தது. கடைசி ஆட்டம், அம்மா பார்க்கவேண்டும் என்று துண்டில் எழுதியிருந்தாய். சனிக்கிழமைகளில் இங்கத்தைய தமிழ்ச் சனம் எங்கள் வீட்டில் செபமாலை சொல்லக் கூடும். பிறகு, அத்தான் வைலே பட்டணத்தில் வாடகைக்கு எடுத்துவருகிற வீடியோ டெக்கில் படம் பார்ப்போம். நேற்றுப் படத்துக்குப் பதிலாக உன் கசெற்றைப் போட்டோம். அமெரிக்கக் கசெற் இங்கத்தைய டெக்கில் நிறமில்லாமல்தான் ஓடுமாம். நீ முன்பு அனுப்பிய போட்டோவில் சிவப்புச் சட்டையும் ஐம்பத்திநாலாம் இலக்கமும் போட்டிருந்தாய். அந்தச் சிவப்பு இதில் கறுப்பாகத் தெரியும் என்று செபமாலைக்கு வந்த ஸ்ரனிஸ்லாஸ் அண்ணை விளங்கப்படுத்தினார். முகத்தைப் பார்த்து அறிய வழியில்லை, எல்லாருடைய தலையிலும் கூடு.

கறுப்புச் சட்டையில் ஐம்பத்திநாலைக் கண்டுபிடித்தோம். ஒவ்வொரு தடவையும் பந்தை நிலத்தில் வைத்துக் குனிந்து நிற்பவன் அவன்தான். அவன் எடுத்துக் கொடுக்காமல் ஆட்டம் தொடங்காது. எனக்குப் பெருமை தாங்கவில்லை, அவனுக்காக மாதாவை மன்றாடிக்கொண்டே இருந்தேன். ஆனால் எதிர்ப்பக்கம் வெள்ளைச் சட்டையில் ஒருவன், அவனுக்கும் ஐம்பத்திநாலுதான், நாம்பன் மாடு மாதிரி வந்து வந்து மோதினான். செபமாலை கையில் இருக்க அவனைத் திட்டினேன். கட்டையில் போவான், கால் முறிந்து கிடப்பான் என்று வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். விக்ரோரியா மச்சாளும் சேர்ந்து திட்டினா.

பிறகு ஒருதடவை எல்லாரும் குவியலாக விழுந்தார்கள். கறுப்புச் சட்டை ஐம்பத்திநாலு மட்டும் எழும்பவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு புரண்டான். நான் போட்ட சத்தத்துக்குக் கீழ்வீட்டு டெனிஷ்காரர் படியேறி வந்துவிட்டார். அப்போது அந்த வெள்ளைச் சட்டைக்காரன் தலைக்கூட்டைக் கழற்றி வைத்துவிட்டு, விழுந்தவனுக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டுச் சிலுவை அடையாளம் போட்டான். கமரா கிட்டப் போனது. மகனே, அது நீ.

வெளியூரில் ஆடும்போது வேறு சட்டை போடுவார்கள் என்று கீழ்வீட்டுக்காரர் சொன்னதை அக்கா தமிழில் சொன்னாள். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. பெற்ற வாயால் பாதி ஆட்டம் முழுக்க உன்னைச் சபித்திருக்கிறேன்.

கடைசி நிமிஷத்தை எழுதாமல் விடமாட்டேன். உங்கள் கோட்டுக்கு இரண்டு முழத்தில் அவர்கள் நிற்கிறார்கள். நாலு தடவை முயற்சி செய்யலாமாம், கோட்டைத் தாண்டினால் அவர்களுக்கு வெற்றி. மூன்று தடவையும் குவியலுக்கு அடியில் நீ கிடந்தாய். நாலாம் தடவை அவர்களில் ஒரு பெரிய பையன் பந்தோடு எல்லாருக்கும் மேலால் பாய்ந்தான். நீயும் பாய்ந்தாய். நடு ஆகாயத்தில் அவனைப் பிடித்துப் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டு விழுந்தாய். நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை, துணி சுற்றிய இடது முழங்காலைத்தான் பார்த்தேன். நீ எழும்பினாய். ஓடினாய். வென்றுவிட்டீர்கள்! ஸ்ரனிஸ்லாஸ் அண்ணை கீழ்வீட்டுக்காரரைத் தூக்கிவிட்டார், தின்ன வைத்த றோல்ஸ் தட்டு கவிழ்ந்தது. அந்த இடத்தை நாலுதரம் திருப்பிப் போட்டோம். நாலாம் தரம் நான் கண்ணை மூடாமல் பார்த்தேன்.

இன்று காலை வைலேக் கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பெற்ற பிள்ளையைச் சபித்தேன் என்றேன். அக்கா பக்கத்தில் நின்று டெனிஷில் சொல்ல, சுவாமியார் முதலில் திகைத்தார், முழுக்கதையும் கேட்டபிறகு சிரிப்பை அடக்கமுடியாமல் இருமினார். அபராதமாக ஒரு செபமும் தரவில்லை. இன்றைக்கே மகனுக்குக் கடிதம் எழுதச் சொன்னார். அதற்காகத்தான் எழுதுகிறேன் என்று நினையாதே. கோயிலுக்குப் போகமுன்னமே கடதாசி எடுத்து வைத்துவிட்டேன்.

சித்திரையில் எழுதியதைக் கிழித்துப் போடு. நேற்றுச் சொன்னதெல்லாவற்றையும் திருப்பி எடுத்துக்கொண்டேன். இந்த எட்டு மாதமும் எழுதவில்லையே தவிர, ஒருநாளும் உனக்குச் செபமாலை தவறவில்லை. படிப்பு முடிய ஒருக்கால் இங்கே வந்து நடந்து காட்டிவிட்டுப் போ.

அந்த மற்ற ஐம்பத்திநாலின் பெயரைக் கேட்டு எழுது. பாதி ஆட்டம் அவனுக்காக மன்றாடிவிட்டு இடையில் விடுவது சரியில்லை. அவனுடைய தாயும் உன்னைத் திட்டியிருப்பாள். அவளைக் கண்டால் சொல்லு, உன்னைத் திட்டுவதற்கு டென்மார்க்கில் ஒரு தாய் இருக்கிறாள், அவள் சிரமப்படத் தேவையில்லை என்று.

மருதமடு மாதா உன் இரண்டு முழங்காலையும் காப்பாற்றட்டும்.

உன் தாய்,
லூர்தம்மா